உன்னைத் திரும்ப வாங்கவில்லை

அன்றைக்கு அந்தப் பூ லாரியில் இருந்தவர்கள்: வண்டி ஓட்டினவன், அவனுக்குப் பக்கத்தில் நான், என் மடியில் ஏழு மாதக் குழந்தையாக நீ, கதவோரம் ஞானம்மாள் பெரியம்மா. பின்னால் பிச்சிப்பூவும் அரளியும் நிறைந்த கூடைகள். உன் அப்பா எங்களோடு இல்லை, ஆபீஸ் வேலையாகத் தக்கலையில் தங்கியிருந்தார். இவ்வளவும் எனக்கு நிச்சயம். இதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு நிச்சயம் குறைவு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மக்களே, நேற்று மத்தியானம் பம்பாயிலிருந்து உன் கடிதம் வந்தது. குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நானும் அவளும் மாறி மாறிப் பக்கத்தில் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் சின்னதில் இதே மாதிரி வந்ததாமே, எப்படிச் சரியாச்சு, டாக்டர் கேட்கிறார், விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எங்கேயோ நின்றுகொண்டே எழுதியிருக்கிறாய். கடிதத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அடுப்பில் இருந்த குழம்பை இறக்கப் போனேன். இறக்கினேனா என்பது தெரியவில்லை, அப்பா வந்துதான் தீயை அணைத்தார். வந்தது என்ன என்று எழுதிவிடலாம். சரியானது எப்படி என்பதுதான் இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நீயே படித்துப் பார்த்து, அதில் டாக்டருக்குச் சொல்ல வேண்டியது எது, சொல்ல வேண்டாதது எது என்று பிரித்துக்கொள். நானாகக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்ட எழுத்து இது. பிழை இருந்தால் உன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டும்போது திருத்திப் படி.

உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பெயர் வைக்கும் முன்னே போய்விட்டன. அது உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது எனக்குச் சந்தோஷப்படவே பயமாக இருந்தது. அப்போதுதான் ஊரில் சொன்னார்கள், இவனை உன் பிள்ளை என்று வைத்துக்கொள்ளாதே, தவிட்டுக்கு விற்றுவிடு என்று. எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அழவைக்க 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று கேலி பேசுவார்கள். உன் விஷயத்தில் அது கேலி இல்லை. இசக்கியம்மன் கோவில் முன்னால், அரிசி புடைக்கிற சுளகில் உன்னைக் கிடத்தினேன். பிள்ளைகளெல்லாம் தங்கி நிற்கிற ஒருத்தி வந்து, ஒரு பிடி தவிட்டை என் கையில் போட்டுவிட்டு உன்னை எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு நீ அவள் பிள்ளை. வளர்ப்பதற்காக அவள் உன்னை என்னிடம் விட்டுவைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து முடி எடுக்கும் அன்று அதே ஒரு பிடி தவிட்டைத் திருப்பிக் கொடுத்து உன்னை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை என் வாயால் உன்னை 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்றுக்கு உண்மை தெரிந்துவிடும். அந்த ஏதோ ஒன்று எது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாங்க வந்தவள்தான் ஞானம்மாள். அடுத்த தெருவில், சர்ச்சுக்குப் பின்னால் அவர்கள் வீடு. அவளைக் கட்டின மாப்பிள்ளை தோவாளைச் சந்தையில் பூ எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புகிறவர். ஐந்து பிள்ளைகள், ஒன்றுகூடச் சளி என்று படுத்தது கிடையாது. வேதக்காரியிடம் போய் இதைக் கேட்கலாமா என்று எனக்குத் தயக்கம். அவளோ தலைமுடியைக் கோதிக்கொண்டே, "இசக்கிக்க முன்னால நான் வரமாட்டேன்ட்டி. வெளியே ரோட்டில நிக்கேன், நீ பிள்ளையக் கொண்டாந்து தா. எனக்க ஜெபத்த நான் சொல்லிக்கிடுதேன், ஒனக்க அம்மைட்ட நீ சொல்லிக்கோ" என்றாள். அப்படியே நடந்தது. தவிடு, அவள் கோழிகளுக்கு வைத்திருந்த தவிடு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்து வெள்ளைச் சேலையோடு நேரே நம் வீட்டுக்கு வருவாள், முந்தியில் ஒரு பிடி அரிசி முடிந்துகொண்டு. அவள் பிள்ளையை நான் வளர்க்கிறதற்குக் கூலியாம். வாசலில் நின்றே தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவாள். "ஏட்டி, எனக்க பிள்ளைக்க கன்னம் எங்கட்டி போச்சு? நான் தாற அரிசிய நீயே தின்னுதியா?" நான் சிரிக்காமல், "ஒங்க பிள்ளை ராத்திரியெல்லாம் ஒறங்காம கெடக்கு, கூலி போதாதுக்கா" என்பேன். உன் அப்பா இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஆனால் அவரும் ஒரு நாள்கூட உன்னை 'என் பிள்ளை' என்று சொன்னதில்லை. பி.ஏ. படித்தவர், பயம் மட்டும் எனக்கு இருந்த அதே பயம்.

மழைக்காலத்தில் உனக்குச் சளி வந்தது. கற்பூரவல்லிச் சாறு, துளசி எல்லாம் கொடுத்தேன். மூன்றாம் நாள் விடியும்போது பார்த்தால், நீ மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. உதட்டின் ஓரம் நாவற்பழம் தின்ற மாதிரி. பால் குடிக்க வாய் வைத்து, மூச்சுக்காக வாயை எடுத்து, மறுபடி வைக்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஞானம்மாள் வீட்டுக்கு. அங்கே லாரியில் பூ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் உன்னை ஒரு தடவைதான் பார்த்தாள். மாப்பிள்ளையிடம், "லாரி நாகர்கோவிலு ஆஸ்பத்திரி வழியா போவட்டு" என்றாள். அவர், "பூ வாடிப்போவும்" என்றார். "வாடட்டு. நாளைக்கும் பூக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள், காலில் செருப்பு இல்லாமல். தக்கலைக்குப் போகிற முதல் பஸ் கண்டக்டரிடம் உன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியதும் அவள் மாப்பிள்ளைதான்.

வழியெல்லாம் பிச்சிப்பூ வாசனை. அந்த வாசனை உனக்கு மூச்சடைக்குமோ என்று நான் சேலையால் உன் முகத்தை மூடினேன். மூடினால் காற்றுக் கிடைக்காதே என்று எடுத்தேன். ஒழுகினசேரி வரை இதைத்தான் செய்துகொண்டு வந்தேன் என்று நினைக்கிறேன். ஞானம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஒண்ணு மூடு, இல்லன்னா தொற. பிள்ளை ஒனக்க கையப் பாத்தே சீக்காயிரும்" என்றாள். வண்டிக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன், நம்புவாயா? சிரித்துவிட்டு, இந்த நேரத்தில் சிரித்தேனே என்று நடுங்கினேன்.

நாம் இன்னும் தமிழ்நாட்டோடு சேராத காலம் அது. ஆஸ்பத்திரிப் பலகையெல்லாம் மலையாளம், நர்சுகளில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். குழந்தைகள் வார்டு வாசலில் ஒரு நர்ஸ் உன்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "குட்டிக்கு அம்ம யாரு? அம்ம மட்டும் உள்ளே வந்தா மதி. மத்தவங்க வெளியில."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அது சரியில்லை. திறக்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த ஏதோ ஒன்று எங்களோடு லாரியில் வந்து, அந்த வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டிருப்பதாகவே இருந்தது. நான் ஞானம்மாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "யாருன்னு பறயணும், நேரமில்லா" என்றாள் நர்ஸ். ஞானம்மாள், "நாந்தான்" என்று உன்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்.

வராந்தாவில் நான் மட்டும். வண்டிக்காரன் பூ வாடுகிறது என்று போய்விட்டான். போகும்போது என் பக்கத்தில் ஒரு பந்து பிச்சிப்பூவை வைத்துவிட்டுப் போனான், எதற்கு என்று தெரியவில்லை. உள்ளே நீ அழுகிற சத்தம் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி, அவ்வளவு மெலிசாக. அழுகை கேட்டவுடன் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அழுகை நின்றது. அழுகை நின்றதற்கு நான் பட்ட பாட்டை எழுதத் தெரியவில்லை. மறுபடி கேட்டது. இசக்கியம்மையைக் கூப்பிட்டேன், தாணுமாலையனைக் கூப்பிட்டேன். அங்கே சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தையும் பார்த்து, நீங்கள் ஞானம்மாளுக்கு வேண்டியவர்தானே, அவள் பேரில் இருக்கிற பிள்ளைதான் என்று சொன்னேன். யாரிடம் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

நர்ஸ் வெளியே வந்து வேறொரு நர்சிடம் சொல்லிக்கொண்டு போனாள்: "ஸ்பூன்ல குடிக்கல்ல. அம்மைக்குப் பாலுமில்லா. எந்து அம்மையோ." நான் எழுந்து வாசலுக்குப் போனேன். "நீ யாரு?" என்று அந்த நர்ஸ் திரும்பிக் கேட்டாள்.

இதுதான் மக்களே. இங்கேதான் எனக்குச் சிக்கல். நான் அப்போது என்ன சொன்னேன்?

'என் பிள்ளை, அது என் பிள்ளை' என்று கத்தினேன் என்றுதான் என் நினைவு. என் தொண்டை இரண்டு நாள் புண்ணாகக் கிடந்தது, கத்தாமல் எப்படிப் புண்ணாகும்? ஆனால் ஞானம்மாள் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. "நீ கத்தவேயில்ல. 'நான் பால் குடுக்கவ'ன்னுதான் சொன்னே. கதவுக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்" என்கிறாள். அவள் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. நர்ஸ் என்னைக் கூலிக்குப் பால் கொடுக்க வந்தவள் மாதிரிதான் நடத்தினாள். தரையில் உட்காரச் சொன்னாள். கட்டிலில் ஞானம்மாள், தரையில் நான், என் மடியில் நீ. நாலு இழுப்புக் குடித்தாய். உனக்குப் பக்கத்தில் கெண்டி மாதிரி ஒரு பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. குடித்து முடித்ததும் "மதி, இனி வெளியே போ" என்றாள் நர்ஸ். நானும் போனேன். அவர்கள் உள்ளே கூப்பிடும்போதெல்லாம் போய்க் கொடுத்துவிட்டு, போகச் சொன்னதும் வெளியே வந்தேன். நான் பெற்ற தாய் என்று சொல்லியிருந்தால் இப்படி நடத்துவார்களா? அப்படியானால் நான் சொல்லவில்லை. ஆனால் கத்தியது ஞாபகம் இருக்கிறதே. அல்லது ஞானம்மாள் எனக்கு ஆறுதலுக்காக மாற்றிச் சொல்கிறாளோ? அவள் அப்படிச் செய்யக்கூடியவள். கேட்டால் பைபிள் மேல் அடித்துச் சத்தியம் செய்யவும் தயார்.

உச்சிப்பொழுதுக்கு லேடி டாக்டர் வந்தார். ஊசி போட வேண்டும், வீரியமான ஊசி, சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகும், ஆனால் போடாமல் இருக்க முடியாது, சம்மதமா என்று ஞானம்மாளிடம் கேட்டார். அவள், "அவட்ட கேளுங்கம்மா" என்று தரையில் இருந்த என்னைக் காட்டினாள். "அவள் பால் கொடுக்க வந்தவள்தானே? பெற்றவள் நீ சொல்லு" என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்துத்தான் உன் அப்பா வேர்வையோடு உள்ளே வந்தார். டாக்டருக்கு நிம்மதி. "நீங்கள் அப்பாவா? நல்லது. இதில் யார் உங்கள் சம்சாரம்?" அவர் என்னைக் காட்டினார். "அப்படியானால் குழந்தைக்கு அம்மா?" அவர் ஞானம்மாளைக் காட்டினார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டு பெண்டாட்டி கட்டியவரா நீங்கள்? பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள்." உன் அப்பாவின் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஞானம்மாள் கொதித்து எழுந்துவிட்டாள். "எனக்க மாப்பிள்ளை நல்லா கல்லு மாதிரி இருக்காரும்மா. இந்த மனுசனை யாரு கெட்டுவா?" பிறகு அவள்தான் தவிட்டுக் கதையைச் சொன்னாள், கோழி வரைக்கும். டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "யாராவது ஒருத்தர் சரி என்று சொல்லுங்கள், பிள்ளைக்கு நேரம் போகிறது" என்றார். மூன்று பேரும் ஒன்றாகச் சரி என்றோம். அதில் யாரோ ஒருவர் சொன்னது செல்லும், மற்றவை செல்லாது. எது செல்லும் என்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை குழி விழுவது குறைந்தது. அதற்கு அடுத்த நாள் ஞானம்மாளின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தாய். இவ்வளவுதான் உன் வியாதியின் கதை. நெஞ்சில் சளி கட்டி நுரையீரலில் இறங்கியது என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொல்கிறார். ஊசி பென்சிலின். அது உன் டாக்டருக்கு. மற்றது உனக்கு.

உன்னைக் காப்பாற்றியது ஊசியா, ஆவியா, என் பாலா, நான் வாயை மூடியதா, இல்லை வாயைத் திறந்ததா? வாயை மூடியிருந்தேன் என்றால் இசக்கி காப்பாற்றினாள். திறந்து கத்தினேன் என்றால், கத்தியும் நீ பிழைத்தாய், அப்படியானால் அந்தப் பயமே வெறும் பயம். அல்லது ஞானம்மாளின் ஜெபம். வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதி, மாதக் கடைசியில் காலணா இடித்தாலும் தூக்கம் வராதவள் நான். இதை மட்டும் எத்தனை தடவை கூட்டினாலும் ஒவ்வொரு தடவையும் வேறாக வருகிறது. அதனால் உனக்கு இதைச் செய், அதை விடு என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டர் சொல்வதைக் கேள். நர்ஸ் விரட்டினால் ரோஷப்படாதே, அவர்களுக்கு அங்கே நூறு பிள்ளை. உன் பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று பார், அவள் வேண்டாம் என்றாலும் கையில் கொடு. இன்னொன்று. உன் அப்பா அன்றைக்கு டாக்டர் போனதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ பிள்ளையை என்ன செஞ்சே?" என்பது. அவர் கெட்ட மனசோடு கேட்கவில்லை, பயத்தில் வந்த வார்த்தை. ஆனாலும் அது இன்னும் எனக்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவளிடம் நீ கேட்டுவிடாதே. ஏற்கெனவே கேட்டிருந்தால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே போய் அவள் பக்கத்தில் உட்கார்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். ஒரு வருஷத்தில் உன்னைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும் அல்லவா? நாள் பார்த்தோம். அந்த வாரம் உனக்கு இருமல். இருமலோடு பிள்ளையை எதற்குக் கைமாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டோம். மூன்று வயதில் பார்த்தோம், அம்மை விளையாடியது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன் என்று நினைத்தோம், அதற்கு முந்தின நாள் நீ மாமரத்திலிருந்து விழுந்தாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒன்றுதான் தோன்றும். எந்தக் கையில் இருக்கும்போது பிள்ளை பிழைத்ததோ, அந்தக் கையிலேயே இருக்கட்டும். பிறகு நீ வளர்ந்தாய், நாங்களும் மறந்தோம். மறந்தது மாதிரி இருந்தோம். உன்னைத் திரும்ப வாங்கவே இல்லை.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போனது அதே வீட்டுக்குத்தான். ஞானம்மாளுக்கு இப்போது முட்டு மடங்காது, கண் ஒன்றில் புரை. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தவிடு எடுத்துக்கொண்டு வந்தாள். "பேரனை வாங்குவோம்ட்டி" என்றாள். எனக்கும் மனசில் இருந்தது அதுதான், வெட்கப்பட்டுக் கேட்காமல் நின்றேன். ஆனால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே சிரட்டையைக் கீழே வைத்தாள். "அவனே எனக்க பிள்ளையாட்டுல்லா இன்னும் இருக்கான். அப்போ அவனுக்க பிள்ளை எனக்க சொந்தப் பேரன்லா? சொந்தப் பேரனை எப்பிடி வெலைக்கு வாங்க? நீ மொதல்ல அவனை எங்கிட்டேருந்து வாங்கிக்கோ. பொறவு பேரன் ஒனக்குள்ளவன் ஆவான். அப்போ நான் வாங்குதேன்." எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அவள் சொல்வதில் தப்பு எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன். பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்தே, "அவள் சொல்வது சட்டப்படி சரி" என்றார்.

ஆனால் பேரன் அங்கே மூச்சுக்குத் தவிக்கும்போது, இங்கே உன்னைக் கைமாற்ற எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷம் தொடாமல் வைத்ததை இன்றைக்கா தொடுவது? அதைச் சொன்னதற்கு ஞானம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னாள்: "அப்போ விடு. ரெண்டு பேரையும் நானே வச்சிக்கிடுதேன். நீ வளத்துக்கோ. எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு அரிசி கொண்டுவர முடியாது, அவ்வளவுதான்."

அவள் சிரட்டை இப்போது நம் வீட்டு அரங்கு அறையில், சாமி படத்துக்குக் கீழே, உன் கடிதத்தின் பக்கத்தில் இருக்கிறது. நான் அதை எடுக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நீ தகப்பன், நீதான் சொல்ல வேண்டும். உன் பெண்டாட்டியிடமும் கேள், பெற்றவள் வார்த்தை இல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன். உன்னை நான் வாங்கட்டுமா, இல்லை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமா? அதைப் பிறகு எழுதினாலும் போதும். குழந்தை பால் குடிக்கிறானா, விலாவில் குழி விழுவது குறைந்ததா என்பதை மட்டும் உடனே தெரிவி. தந்தி அடி. ஒரு தந்தி எனக்கு, ஒன்று ஞானம்மாள் பெரியம்மாவுக்கு.